ஏஜென்ட்டுகள் போட்ட அட்டவணை குழம்பினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திட்ட அட்டவணையை ஒரே மென்பொருளிடம் விடாமல் நான்கைந்து ஏஜென்ட்டுகள் (மொழி மாதிரி எனப்படும், உரையைப் படித்து எழுதும் ஏஐயை வைத்துத் தாமாக வேலை செய்யும் மென்பொருள்கள்) கலந்து பேசிப் போடும் அமைப்புகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து பழுது பார்த்துவருகிறேன். ஒன்று வேலைகளை வரிசைப்படுத்தும், ஒன்று ஆட்களை ஒதுக்கும், ஒன்று முன்னேற்றத்தைக் கவனிக்கும், ஒன்று எல்லோருக்கும் செய்தி அனுப்பும். அமைப்புக்கு அமைப்பு பெயர்கள் மாறுகின்றன, பழுது மட்டும் அதே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணை கோணலானதும் எல்லோரும் ப்ராம்ப்ட்டை, அதாவது ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுத்த அறிவுறுத்தலை, திறந்து திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை ப்ராம்ப்ட்டில் இல்லை. ஏஜென்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் தரவிலும், அதில் யார் எப்போது எழுதலாம் என்ற ஒழுங்கிலும்தான் இருந்தன. ப்ராம்ப்ட்டைக் கடைசியாகத் தொடுங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

எல்லா ஏஜென்ட்டுகளின் எழுதும் உரிமையையும் நிறுத்துங்கள். படிக்கும் உரிமை இருக்கட்டும். அறிவிப்பு அனுப்பும் ஏஜென்ட்டை முழுவதுமாகவே நிறுத்துங்கள், ஏனென்றால் அட்டவணையில் விழுந்த பிழையைப் பின்னால் திருத்திவிடலாம், தப்பான தேதியை நம்பி ஒருவர் தன் விடுப்பை ரத்து செய்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அப்புறம் அட்டவணையின் இப்போதைய நிலையை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சரியாக இருந்த நகலும் கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, லாக், அதாவது ஏஜென்ட் எப்போது என்ன செய்தது என்ற பதிவு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எண் இருக்கிறதா, அந்த எண் எல்லா ஏஜென்ட்டுகளின் லாகிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கீழே உள்ள எதையும் செய்வதற்கு முன் அதைச் சேர்த்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். எந்தச் செய்தி எந்த மாற்றத்துக்குக் காரணம் என்று தெரியாமல் நான்கு லாக்களை நேரத்தை மட்டும் வைத்துக் கோத்துப் பார்ப்பதில் நாள்கணக்கில் போய்விடும்.

## அறிகுறி: தேதிகள் நிலைக்கவே இல்லை

காலையில் 12-ஆம் தேதி என்றிருந்த வேலை மதியம் 15-ஆம் தேதிக்குப் போகிறது, மாலையில் மறுபடி 12. மனிதர் யாரும் எதையும் தொடவில்லை. எனக்கு அதிகம் வருவது இந்தப் பழுதுதான். நம்பிக்கையை வேகமாகக் கெடுப்பதும் இதுதான். தேதி மாறிய செய்தி மூன்றாவது முறை வந்ததும் குழுவில் இருப்பவர்கள் செய்தியைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள், அதற்கப்புறம் உண்மையான மாற்றம் வந்தாலும் அது அவர்களைச் சேராது.

ஒரே ஒரு வேலையை எடுத்து அதன் கடைசி இருபது மாற்றங்களை வரிசையாக எழுதுங்கள்: நேரம், பழைய தேதி, புதிய தேதி, மாற்றிய ஏஜென்ட். எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

### மாற்றியது ஒரே ஏஜென்ட், மாற்றங்களுக்கு நடுவே சில நொடிகள்தான்

ஏஜென்ட் தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது. அட்டவணையில் மாற்றம் வந்தால் வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் தானாகப் போகும் அறிவிப்பு) போகும், வெப்ஹூக் வந்தால் ஏஜென்ட் ஓடும், ஓடினால் அட்டவணையில் எழுதும், எழுதினால் மறுபடி வெப்ஹூக். ஏஜென்ட் எழுதும் ஒவ்வொரு மாற்றத்திலும் ஓட்ட எண்ணைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அந்த எண்ணோடு திரும்பி வரும் வெப்ஹூக்கைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லுங்கள். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒன்றாக இருந்தால் எழுதவே கூடாது என்ற சோதனையையும் சேர்த்துவிடுங்கள். அரை நாள் வேலை.

### இரண்டு ஏஜென்ட்டுகள் மாறி மாறித் திருத்துகின்றன

இரண்டின் குறிக்கோளும் எதிரெதிராக இருக்கிறது. வரிசைப்படுத்தும் ஏஜென்ட்டுக்கு முடிவுத் தேதியை முன்னால் கொண்டுவர வேண்டும், ஆள் ஒதுக்கும் ஏஜென்ட்டுக்கு யார் மேலும் சுமை கூடாமல் இருக்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சரியாகவே பதில் சொல்லும், அதனால் லாகில் எந்தப் பிழையும் தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது, இருவரும் ஒரே புலத்தை (ஒவ்வொரு வேலைக்கும் நிரப்பும் தகவல் கட்டத்தை) ஒரே பொருளில்தான் படிக்கிறார்களா என்பது. ஓர் அமைப்பில் இந்த ஆட்டம் மூன்று வாரம் நீடித்தது, ப்ராம்ப்ட்டை எத்தனையோ விதமாக மாற்றி எழுதிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் 'கெடு' என்ற புலத்தை ஒன்று வேலை முடிய வேண்டிய தேதியாகவும், மற்றொன்று வேலை தொடங்க வேண்டிய கடைசித் தேதியாகவும் எடுத்துக்கொண்டிருந்தது. புலத்தின் பெயரை 'முடிவுக் கெடு' என்று மாற்றியதும் ஆட்டம் நின்றது. அதிலிருந்து எந்த அமைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது புலங்களின் பட்டியலைத்தான்.

புலங்கள் சரி என்றால் முன்னுரிமை வரிசையை ஒரே இடத்தில் எழுதுங்கள். மீறவே கூடாதவை எவை, முடிந்தால் நல்லது என்பவை எவை என்று பிரித்து, எல்லா ஏஜென்ட்டுகளும் அதே ஒரு கோப்பைப் படிக்கும்படி வையுங்கள். ஆளுக்கொரு ப்ராம்ப்ட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் அது தானாக விலகிக்கொண்டே போகும். கூடவே இரண்டு தடுப்புகள்: ஒரு வேலையை நகர்த்தினால் குறைந்தது இத்தனை நாள் மிச்சமாக வேண்டும், இல்லையென்றால் நகர்த்தாதே என்று ஒரு எல்லை, அடுத்த ஐந்து அல்லது பத்து வேலை நாட்களுக்குள் வரும் தேதிகளை மனிதர் ஒப்புதல் இல்லாமல் தொடக்கூடாது என்ற உறைநிலை. இந்த உறைநிலையை எந்த அமைப்பிலும் விடாதீர்கள். அடுத்த வாரம் என்ன வேலை என்று ஒருவருக்கு இன்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

### ஒரே ஏஜென்ட், நாளுக்கு ஒரு முறைதான் ஓடுகிறது, ஆனால் விடை வேறு வேறு

இரண்டு தேர்வுகள் சமமாக நல்லவை என்றால் எதை எடுப்பது என்று விதி இல்லை. மொழி மாதிரியின் டெம்பரேச்சரை, அதாவது விடையில் எவ்வளவு தற்செயல் கலக்கலாம் என்ற அளவை, பூஜ்யமாக வைத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே விடை வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, அதை நம்பி நிற்காதீர்கள். வேலைகளை எப்போதும் அடையாள எண் வரிசையிலேயே அனுப்புங்கள், சமநிலை வந்தால் சிறிய எண்ணுக்கு முன்னுரிமை என்று எழுதுங்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் தேதிக் கணக்கை மொழி மாதிரியிடமிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை, யாருக்கு எது பொருந்தும் என்பதை ஏஜென்ட் சொல்லட்டும். கூட்டிக் கழித்துத் தேதி போடுவதைச் சாதாரண நிரலோ, கூகுளின் ஓஆர்-டூல்ஸில் உள்ள சிபி-சாட் போன்ற ஒரு தீர்ப்பானோ (வரம்புகளைக் கொடுத்தால் விடை தேடித் தரும் மென்பொருள்) செய்யட்டும். இது சில வார வேலை, ஆனால் செய்தவர்கள் யாரும் பழையபடிக்குத் திரும்பியதை நான் பார்க்கவில்லை.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஏஜென்ட்டுகள் வட்டமாகத் திருத்திக்கொண்டால், அல்லது முன்னுரிமை வரிசையை எழுத உட்காரும்போது மனிதர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால். இரண்டாவது நிலையில் மென்பொருள் ஆள் உதவ மாட்டார், திட்டப் பொறுப்பாளரும் அனுபவமுள்ள திட்டமிடுபவரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

## அறிகுறி: ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை

### அந்த ஆளின் பெயர் இரண்டு விதமாக இருக்கிறதா

முதலில் இதைப் பாருங்கள், ஐந்து நிமிடம்தான். திட்டக் கருவியில் ஒரு மின்னஞ்சல், கேலண்டரில் வேறொரு மின்னஞ்சல். ஏஜென்ட்டுக்கு அவர் இரண்டு ஆள், இருவருக்கும் நேரம் காலியாக இருக்கிறது. ஆட்களுக்கு ஒரே ஓர் அடையாள எண் கொடுத்து, பெயரை வைத்துப் பொருத்துவதை முற்றிலும் நிறுத்துங்கள்.

### கேலண்டரில் இருப்பது ஏஜென்ட்டுக்குத் தெரிகிறதா

கேலண்டர் நிகழ்வு 'காலி' என்று குறிக்கப்பட்டிருந்தால் அது நேரத்தை அடைக்காது. பலர் தங்கள் விடுப்பை முழுநாள் நிகழ்வாகப் போடும்போது அது தானாகவே 'காலி' என்று விழுந்துவிடுகிறது, கவனிப்பதில்லை. 'உறுதியில்லை' என்ற நிலையில் இருப்பவற்றை என்ன செய்வது என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஏஜென்ட்டின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

கேலண்டர் மாற்றங்களைத் தெரிவிக்கும் சந்தாக்களுக்குக் காலாவதி உண்டு. புதுப்பிக்க மறந்தால் பிழை எதுவும் வராது, செய்தி வருவது மட்டும் நின்றுவிடும். கடைசியாகக் கேலண்டர் மாற்றம் எப்போது வந்தது என்று லாகில் பாருங்கள். கூகுள் கேலண்டரில் ஒத்திசைவு டோக்கன் (எதுவரை படித்தோம் என்ற குறி) செல்லாமல் போனால் 410 என்ற பிழைப் பதில் வரும், அப்போது முழு ஒத்திசைவை முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த 410-ஐ விழுங்கிவிட்டுப் பழைய தரவோடு ஓடிக்கொண்டிருந்த ஏஜென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

### இரண்டும் சரி, ஆனாலும் நடக்கிறது

அப்படியென்றால் இரண்டு ஏஜென்ட்டுகள் ஒரே நொடியில் படித்து, இருவரும் 'காலி' என்று கண்டு, இருவரும் எழுதுகிறார்கள். லாகில் இருவரும் எழுதிய நேரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், சில நொடிகளுக்குள் இருந்தால் இதுதான்.

எளிய மருந்து, பதிப்பு எண். படிக்கும்போது கிடைத்த பதிப்பு எண்ணோடுதான் எழுத வேண்டும், நடுவில் வேறு யாராவது எழுதியிருந்தால் எழுதுவது மறுக்கப்பட வேண்டும். பல ஏபிஐகளில் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழிகளில்) இது ஈடேக், இஃப்-மேட்ச் என்ற தலைப்புகளாக, அதாவது செய்தியோடு போகும் குறிப்பு வரிகளாக, ஏற்கெனவே இருக்கிறது, பதிப்பு பொருந்தாவிட்டால் 412 என்ற பிழைப் பதில் வரும். 412 வந்தால் அதே மாற்றத்தை மறுபடி அனுப்பக்கூடாது, புதிதாகப் படித்து, புதிதாக யோசித்து, அப்புறம்தான் எழுத வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தவறவிட்டு, 412 வந்ததும் பதிப்புச் சோதனையை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பும் நிரலை எழுதிவிடுகிறார்கள், பழுது இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்கிறது.

உறுதியான மருந்து, எழுதும் கை ஒன்றே ஒன்று. மற்ற ஏஜென்ட்டுகள் எல்லாம் 'இப்படி மாற்றலாம்' என்று முன்மொழிவை மட்டும் வரிசையில் போடட்டும், ஒரு சிறு நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, விதிகளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் எழுதட்டும். அந்த நிரலில் மொழி மாதிரி வேண்டாம். கட்டமைப்பையே மாற்றுவது என்பதால் செலவு உண்டு, ஆனால் இந்தப் பக்கத்தில் உள்ள பாதி அறிகுறிகள் இதோடு போய்விடும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: அட்டவணை இரண்டு டேட்டாபேஸ்களில் பிரிந்து கிடக்கிறது, இரண்டிலும் ஏஜென்ட்டுகள் எழுதுகின்றன என்றால் நீங்களே முயலாதீர்கள். டேட்டாபேஸ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

## அறிகுறி: எல்லாம் ஒரு நாள் அல்லது ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறது

எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும், அதனால் முதலில் அளந்து பாருங்கள்.

சரியாக ஒரு நாள், முழுநாள் நிகழ்வுகளில் மட்டும். கேலண்டர்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தில், அதாவது ஆர்எஃப்சி 5545 என்ற அதன் விதித்தொகுப்பின்படி, முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. 10-ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு என்றால் தொடக்கம் 10, முடிவு 11 என்றுதான் எழுதப்பட்டிருக்கும். திட்டக் கருவிகளிலோ முடிவுத் தேதி பெரும்பாலும் அந்த வேலையில் சேரும். நடுவில் யாராவது ஒருவர் ஒரு நாளைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும், அந்த வேலையை ஒரே ஒரு இடத்தில் செய்யுங்கள். இரண்டு ஏஜென்ட்டுகளும் பொறுப்பாக ஒவ்வொரு நாள் கழித்துவிட்டால் பழுது மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஒரு நாள், ஆனால் சிலருக்கு மட்டும். தேதியை நள்ளிரவு யுடிசி (உலகப் பொது நேரம்) நேரமாக மாற்றிச் சேமிக்கிறார்கள், யுடிசிக்கு மேற்கே இருப்பவர்களுக்கு அது முந்தைய நாளாகத் தெரிகிறது. தேதியை வெறும் தேதியாகவே சேமியுங்கள், நேரம் சேர்க்காதீர்கள்.

ஒரு மணி நேரம், ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களில். கோடைக்கால நேர மாற்றம், அதாவது சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைப்பது. யுடிசியிலிருந்து '+02:00' போன்ற வித்தியாசத்தை மட்டும் சேமித்திருந்தால் நேர மாற்றத்துக்குப் பிறகு வரும் கூட்டங்கள் எல்லாம் பிசகும். ஐயானா என்ற இணைய அமைப்பின் பட்டியலில் உள்ள நேர மண்டலத்தின் முழுப் பெயரைச் சேமிக்க வேண்டும். நாடுகள் ஒரே வாரத்தில் நேரத்தை மாற்றுவதில்லை, பல நாடுகள் மாற்றுவதே இல்லை, அதனால் பல நாட்டுக் குழுக்களில் இது சில வாரம் இருந்துவிட்டுத் தானாகச் சரியானது போலக் காட்டும்.

இரண்டு நாள், வார இறுதியை ஒட்டி. ஐந்து நாள் வேலை என்பதை ஒரு ஏஜென்ட் நாள்காட்டி நாளாகவும் மற்றொன்று வேலை நாளாகவும் எண்ணுகிறது. எல்லா நாடுகளிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை என்றும் இல்லை, சில நாடுகளில் வெள்ளி, சனி. கால அளவு உள்ள ஒவ்வொரு புலத்திலும் அலகைப் பெயரிலேயே எழுதுங்கள்.

மாதமும் நாளும் இடம் மாறி. 03/04 என்பது மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் பழுது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஆண்டு, மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையைத் தவிர வேறு எதையும் ஏஜென்ட்டுகளுக்கு நடுவே அனுமதிக்காதீர்கள்.

இந்த அறிகுறிக்கு வெளி ஆள் அபூர்வமாகத்தான் தேவைப்படும். ஏற்கெனவே தவறாகச் சேமித்த பல மாதத் தரவைத் திருத்த வேண்டியிருந்தால் மட்டும் கூப்பிடுங்கள், ஏனென்றால் எந்த வரி பிசகியது, எது பிசகவில்லை என்று பிரிப்பது நுணுக்கமான வேலை.

## அறிகுறி: எதுவுமே நகரவில்லை

ஏஜென்ட்டுகள் ஓடுவதாகக் காட்டுகின்றன, அட்டவணை மட்டும் நேற்றிருந்த இடத்திலேயே நிற்கிறது.

### மனிதர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதா

ஒப்புதல் கேட்ட செய்தி விடுப்பில் இருக்கும் ஒருவரிடம் போய் நின்றிருக்கும். ஒவ்வொரு ஒப்புதலுக்கும் மாற்று ஆளும், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற விதியும் வேண்டும்.

### 401, 403, 429 வருகிறதா

இவை கருவி திருப்பி அனுப்பும் பிழை எண்கள். 401, 403 என்றால் பெரும்பாலும் உள்ளே நுழையும் சாவி காலாவதி, அல்லது உரிமை இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். பதிலோடு 'எவ்வளவு நேரம் கழித்து வா' என்ற தலைப்பு வந்தால் அதை மதியுங்கள், வராவிட்டால் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், கொஞ்சம் சீரற்ற நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். நான்கு ஏஜென்ட்டுகளும் ஒரே நொடியில் மறுபடி முயன்றால் மறுபடி 429தான்.

### ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கின்றனவா

ஒவ்வொரு ஏஜென்ட்டும் கடைசியாக யாருக்குச் செய்தி அனுப்பியது, யாரிடமிருந்து பதில் எதிர்பார்க்கிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். அம்புகள் வட்டமானால் பிடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் காலாவதி நேரம் வையுங்கள். கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட, வேலையை ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட் நெட் முறையில், வேலைக்கு ஏலம் கேட்கும் அறிவிப்பிலேயே காலாவதி நேரமும் சேர்ந்து போகும். இன்றைக்கு ஏஜென்ட்டுகளை எழுதுபவர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், கடைசி ஏலம் வரும்வரை காத்திருக்கிறார்கள், அது வருவதே இல்லை. பூட்டு (ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றவற்றைத் தடுப்பது) பயன்படுத்தினாலும் அப்படித்தான், பூட்டிய ஏஜென்ட் நடுவில் விழுந்துவிட்டால் பூட்டு தானாகத் திறக்கும் நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

### வேலைகளின் சார்பே வட்டமாக இருக்கிறதா

வடிவமைப்பு முடிந்தால்தான் ஒப்புதல், ஒப்புதல் வந்தால்தான் செலவுக் கணக்கு, செலவுக் கணக்கு வந்தால்தான் வடிவமைப்பு. இரண்டு ஏஜென்ட்டுகள் தனித்தனியாகச் சார்புகளைச் சேர்க்கும்போது இது எளிதாக நடந்துவிடும். முன்வேலை எதுவும் இல்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள், கடைசியில் நீக்க முடியாமல் மிஞ்சுபவற்றுக்குள்தான் வட்டம் இருக்கிறது. இது ஆர்தர் கான் என்பவர் 1962-இல் எழுதிய வழி, பத்துப் பதினைந்து வரி நிரல். ஒவ்வொரு சார்பையும் எழுதுவதற்கு முன் இதை ஓட்டுங்கள்.

வட்டம் எங்கே என்று தெரிந்த பிறகு எந்த அம்பை வெட்டுவது என்பதை ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள். வேலை தெரிந்த மனிதர்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி: 'மாற்றிவிட்டேன்' என்கிறது, மாறவில்லை

கருவி அழைப்பு, அதாவது ஏஜென்ட் திட்டக் கருவியிடம் மாற்றச் சொன்ன கோரிக்கை, தோற்றிருக்கிறது, தோற்றது ஏஜென்ட்டுக்குப் புரியும்படி திரும்பவில்லை. வெற்றுப் பதில் வந்தால் மொழி மாதிரி அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். தோல்வி என்றால் 'எழுதப்படவில்லை, காரணம் இது' என்று தெளிவான வாக்கியம் திரும்ப வேண்டும். எழுதிய உடனே அதே வரியை மறுபடி படித்து ஒப்பிடும் சோதனையை நிரலில் வையுங்கள், ஏஜென்ட்டின் வாயால் 'சரிபார்த்தேன்' என்று சொல்ல வைப்பது சோதனை ஆகாது.

உண்மையான அட்டவணைக்குப் பதிலாகச் சோதனைச் சூழலின் முகவரிக்கு எழுதிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இல்லாத வேலைகளைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் அட்டவணை நீளமாகி ஏஜென்ட்டுக்கு அனுப்பும் உரை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அது விட்டுப்போனதை ஊகித்து நிரப்புகிறது. முழு அட்டவணையையும் அனுப்பாமல் தேவையான வேலைகளை மட்டும் அனுப்புங்கள், ஏஜென்ட் திருப்பித் தரும் ஒவ்வொரு அடையாள எண்ணும் உண்மையில் இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்கட்டும்.

### யாரும் கேட்காத வேலை திடீரென்று முதலிடத்துக்கு வந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை விவரத்திலோ பின்னூட்டத்திலோ யாராவது 'மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இதை முதலில் வை' என்று எழுதியிருந்தால், ஏஜென்ட் அதைத் தரவாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலையின் உரையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வெளியாட்கள் எழுதக்கூடிய இடத்திலிருந்து அந்த உரை வந்திருந்தால் எதையும் அழிக்காமல், எல்லாச் சாவிகளையும் முடக்கிவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரை உடனே கூப்பிடுங்கள். நீங்களே துப்பு துலக்க வேண்டாம்.

## அறிகுறி: ஒரே வேலை இரண்டு மூன்று முறை

வெப்ஹூக்குகளும் செய்தி வரிசைகளும் பெரும்பாலும் 'குறைந்தது ஒரு முறை' அனுப்புவதாகத்தான் உறுதி தருகின்றன, அதாவது இரண்டு முறையும் வரலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனிச் சாவி கொடுத்து, அதே சாவி மறுபடி வந்தால் புதிதாக உருவாக்காமல் பழைய பதிலையே திருப்பித் தாருங்கள். சாவியை மொழி மாதிரி உருவாக்கக்கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யும். இவ்வளவுதான்.

## அறிகுறி: செலவும் நேரமும் ஏறிக்கொண்டே போகின்றன

ஒரு ஓட்டத்துக்கு எத்தனை செய்திகள் ஏஜென்ட்டுகளுக்கு நடுவே போகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றையொன்று பாராட்டிக்கொள்ளும், நன்றி சொல்லும், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லும் செய்திகளே நிறைய இருக்கும். சுற்றுக்கு உச்சவரம்பு வையுங்கள், எட்டினால் மனிதரிடம் போகட்டும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் முழு அட்டவணையையும் திரும்ப அனுப்புகிறார்களா, மாறிய வரிகளை மட்டுமா என்று பாருங்கள்.

வேலைகள் கூடக்கூட நேரம் வெடித்து வளர்ந்தால் அது உங்கள் தவறில்லை. ஆள், கருவி வரம்புகளோடு மிகச் சிறந்த அட்டவணையைக் கண்டுபிடிப்பது என்பி-கடினமான கணக்கு (பெரிதாகும்போது வேகமாகத் தீர்க்க வழி எதுவும் தெரியாத வகை) என்று 1983-லேயே நிரூபித்துவிட்டார்கள். மிகச் சிறந்ததைத் தேடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் கிடைக்கும் நல்லதை எடுத்துக்கொண்டு நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய திட்டம் என்றால் தீர்ப்பான்களில் பழகிய ஒருவரை இந்த இடத்தில் கூப்பிடலாம், அந்தச் செலவு வீண் போகாது.

## அறிகுறி: தாளில் சரி, தரையில் நடக்கவில்லை

மோதல் இல்லை, வட்டம் இல்லை, தேதிகள் நிலையாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாரமும் பாதி வேலை பின்தங்குகிறது. மென்பொருளில் பிழை என்று எதுவும் அகப்படாததால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் அறிகுறி இது, அட்டவணையில் இருக்கும் ஓட்டையை மனிதர்கள் தங்கள் மாலை நேரத்தைக் கொடுத்து நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒருவரின் நாளில் எத்தனை மணி நேரத்தை ஏஜென்ட் நிரப்புகிறது என்று பாருங்கள். எட்டு மணி நேரமும் நிரம்பியிருந்தால் கூட்டங்களுக்கும், திடீர்க் கேள்விகளுக்கும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனதை மாற்றுவதற்கும் இடமே இல்லை. ஆளுக்கு ஆள் உண்மையில் கிடைக்கும் நேரத்தை அவர்களையே கேட்டு எழுதுங்கள்.

அடுத்து, முன்னேற்றப் புலம். 90 சதவீதம் என்று பல நாள் நிற்கும் வேலைகளைப் பட்டியலிடுங்கள். முன்னேற்றம் பார்க்கும் ஏஜென்ட் அந்த 90-ஐ நம்பி, மீதி ஒரு நாள் என்று கணக்கிட்டு, அடுத்த வேலையைத் தினமும் நாளைக்கு வைத்துக்கொண்டிருக்கும். சதவீதத்தைத் தூக்கிவிட்டு 'இன்னும் எத்தனை நாள் வேண்டும்' என்று கேளுங்கள், கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

அப்புறம் எழுதப்படாத சார்புகள். இந்த வேலைக்கு அந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஆகும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், கருவியில் எங்கும் இருக்காது. பின்தங்கிய வேலைகளில் ஐந்தை எடுத்து, செய்தவரிடம் 'எதற்காகக் காத்திருந்தீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். ஒரே பதில் இரண்டு முறை வந்தால் அதைச் சார்பாகச் சேர்த்துவிடலாம்.

இதெல்லாம் செய்து இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் கால மதிப்பீடுகளே அடித்தளத்தில் தவறு. ஏஜென்ட்டை மாற்றி, மாதிரியை மாற்றி, கருவியை மாற்றிப் பணத்தை விடாதீர்கள். இதே வகைத் திட்டங்களைக் கையால் திட்டமிட்டுப் பழகிய ஒருவரை அழைத்து, ஏஜென்ட்டுகளை முழுவதும் நிறுத்திவிட்டு, ஒரு சிறு பகுதியை அவரோடு உட்கார்ந்து முதலிலிருந்து போட்டுப் பாருங்கள்.

## யாரைக் கூப்பிட்டாலும் கையில் இருக்க வேண்டியவை

கோளாறான நிலையின் நகல், கடைசியாகச் சரியாக இருந்த நிலையின் நகல், ஒரே ஒரு ஓட்டத்தின் முழு லாக், புலங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் பொருளும், எந்த ஏஜென்ட்டுக்கு எதில் எழுதும் உரிமை என்ற அட்டவணை, இதுவரை நீங்கள் மாற்றிப் பார்த்தவை தேதியோடு. லாகைக் கொடுக்கும் முன் அதில் உள்ள சாவிகளையும் ஆட்களின் சொந்த விவரங்களையும் மறைத்துவிடுங்கள், விடுப்புக்கான காரணம் போன்றவை கேலண்டரிலிருந்து லாகுக்குள் வந்து விழுந்திருக்கும். வந்தவர் முதல் மணி நேரத்திலேயே ப்ராம்ப்ட்டைத் திருத்தத் தொடங்கினால், லாகைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.